தலைகீழ்ச் சைக்கிளும் தங்கச்சியின் சோதனையும்

தங்கச்சி சாப்பாட்டுப் பெட்டியை மறந்து வைத்துவிட்டுப் போனாள். அன்று எனக்குப் பின்னேர வேலை. கொண்டுபோய்க் கொடுப்போம் என்று பஸ் ஏறினேன். அவள் படிக்கிற கம்பஸ் ரொறன்ரோவின் ஓரத்தில் இருக்கிறது. கட்டடத்தைக் கண்டுபிடித்தேன். அறையையும் கண்டுபிடித்தேன். மெல்லக் கதவைத் திறந்தேன். உள்ளே மேசை இல்லை, கதிரை இல்லை, கரும்பலகை இல்லை. பெரிய பலகைத் தரை. அந்தத் தரை முழுக்கப் பிள்ளைகள் விழுந்து கிடந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. ஒரு சத்தம் இல்லை. நான் யோசிக்கவில்லை. கதவுக்குப் பக்கத்திலேயே குப்புறப் படுத்தேன். இரண்டு கையாலும் காதைப் பொத்தினேன். செவி வெடிக்காமல் இருக்க வாயைத் திறந்து வைத்தேன். சாப்பாட்டுப் பெட்டி வயிற்றுக்குக் கீழே அகப்பட்டுக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் தோளில் ஒரு கை பட்டது. நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா. வெறுங்காலோடு நின்றார். அவர்தான் அங்கே படிப்பிக்கிறவர். நான் பிந்தி வந்த மாணவன் என்று நினைத்துவிட்டார். இப்படிப் படுக்கக்கூடாது, நிமிர்ந்து படுங்கள், கையை விடுங்கள், மூச்சை விடுங்கள் என்று இங்கிலிஷில் மெல்லச் சொன்னார். நான் "யெஸ்" என்றேன். இங்கே வந்து நான் முதலில் படித்த சொல் அது. நிமிர்ந்து படுத்தேன். பாடம் முடியும்வரை முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். எல்லோரும் எழும்பியபோதுதான் தங்கச்சி பவானி என்னைக் கண்டாள்.

"அண்ணா! இஞ்ச என்ன செய்யிறீங்கள்?"

"சாப்பாடு கொண்டு வந்தனான்."

"படுத்துக்கொண்டோ?"

"எல்லாரும் படுத்திருந்தீங்கள். நான் மட்டும் நிக்கிறதோ?"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அது மூச்சுப் பயிற்சியாம். பிறகு, குண்டுக்குப் படுக்கிற மாதிரித்தான் நான் முதலில் படுத்திருப்பேன் என்று யோசித்திருப்பாள். சிரிப்பு நின்றது. பெட்டியைத் திறந்து பார்த்தாள். "பிட்டும் சம்பலும் ஒண்டாப் போச்சு," என்றாள். அதையே சாப்பிட்டாள்.

ஊரில் ரெலிபோன் இல்லாமல் வவுனியாவுக்கு வந்து எங்களோடு கதைக்கிற சொந்தக்காரர் எல்லோரும் ஒரே கேள்வி கேட்கிறார்கள். தங்கச்சி என்ன படிக்கிறா? இங்கே கோயிலில் செருப்புக் கழற்றுகிற இடத்திலும் அதுதான் கேள்வி. "கம்பஸ்" என்பேன். கம்பஸில் என்ன என்பார்கள். "எல்லாம்" என்பேன். பொய் இல்லை. ஆட்டம், நாடகம், படம் கீறுவது, ஒலி, வெளிச்சம் எல்லாம் அந்த ஒரே பட்டத்துக்குள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் படித்துவிட்டு வரமுடியாது. ஆடுகிற பிள்ளை கீறவும் வேண்டும். கீறுகிற பிள்ளை மேடையில் நிற்கவும் வேண்டும். இரண்டு மூன்றைக் கலந்து ஒரு வேலை செய்து காட்டினால்தான் மேலே விடுவார்கள். முதலில் எனக்கு இது விளங்கவில்லை. நெல் விதைக்கிறவன் நெல்லைத்தானே விதைப்பான் என்று சொன்னேன். "ஏன், வரம்பில பயித்தை போடுறேல்லையோ?" என்று கேட்டாள். போட்டிருக்கிறோம்.

எங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அப்பா மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபத்தேழுக் கலவரத்தில் லயத்து வீடுகளை எரித்த பிறகு வன்னிக்கு வந்தவர். கிளிநொச்சிப் பக்கம், தர்மபுரத்தில் காடு வெட்டிக் கொட்டில் போட்டார். பவானி, எங்களுக்குப் பவா, அங்கேதான் பிறந்தாள். நான் எட்டாம் வகுப்போடு மண்வெட்டி பிடித்தேன். அதனால் எங்கள் வீட்டில் இரண்டு பேச்சு. அம்மா இன்றைக்கும் "ஆமா" என்பார். நானும் பவாவும் "ஓம்" என்போம். அப்பா தொண்ணூறில் காய்ச்சலில் போனார். மருந்து வரவில்லை. நான் தொண்ணூற்றிரண்டில் நாட்டை விட்டு வெளிக்கிட்டேன். தொண்ணூற்றாறில் அம்மாவையும் பவாவையும் இங்கே எடுத்தேன். இடையில் நடந்ததை எழுத விருப்பமில்லை. இப்போது கதவு செய்கிற தொழிற்சாலை ஒன்றில் நிற்கிறேன். நாள் முழுக்கக் கதவு செய்கிறேன். எந்த வீட்டுக்குப் போகின்றன என்று தெரியாது.

இரண்டாம் வருடக் கடைசியில் பவாவுக்கு ஒரு சோதனை வந்தது. தாளில் எழுதுகிற சோதனை இல்லை. மூன்று பேர் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி செய்யவேண்டும். தேறினால் மூன்றாம் வருடம். தேறாவிட்டால் அந்தப் பட்டத்தை விட்டு வெளியே வரவேண்டும். குசினியில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டார்.

"ஆடறதுக்கு ஒரு பரிச்சையா?"

"ஓம் அம்மா."

"விழுந்துட்டா?"

"விழுந்தா கணக்குப் படிக்கப் போறன். பிறகென்ன, உங்களுக்குச் சந்தோசம்தானே."

"எனக்கு என்னா சந்தோசம்? கணக்குப் படிச்ச புள்ளைங்க உக்காந்து வேலை செய்யுதுங்க. ஒங்கண்ணன் முதுகைப் பாரு."

"என்ர முதுகை விடுங்கோ, அது நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

"ஆமா, நல்லாத்தான் இருக்கு. எரிக்க வெச்ச வெறகு மாதிரி."

பவா சிரிக்கவில்லை. அந்தக் கிழமைகளில் அவள் சாப்பிட்டது குறைவு. குளிக்கிற அறைக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். இறக்குவாள். திரும்பத் தூக்குவாள். விழுந்தால் சொன்னபடி கணக்குப் படிப்பாள். அதில் தேறவும் செய்வாள். ஆனால் அந்தக் கை பிறகு எழும்பாது. அது எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். அம்மா வெங்காயத்தைத்தான் பார்த்தார்.

ஒருநாள் நான் வேலைக்கு வெளிக்கிடும்போது பவா கேட்டாள்.

"அண்ணா, சைக்கிள் டைனமோ ஞாபகம் இருக்கோ?"

"ஆருக்கு மறக்கும்?"

"சோதனைக்கு ஒராள் சுத்த வேணும். எங்கட மூண்டு பேருக்கும் வேற வேலை. வெளி ஆள் ஒருத்தரை உதவிக்கு வைக்கலாம் எண்டு சொன்னவை."

"கூலி?"

"பிட்டு."

சரி என்றேன்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக இதைக் கொஞ்சம் எழுதுகிறேன். தொண்ணூறுக்குப் பிறகு வன்னியில் கரண்ட் இல்லை. பற்றரியை ஆமி உள்ளே வரவிடாது. மண்ணெண்ணெய் கிடைத்தால் ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு. கிடைக்காவிட்டால் நிலவு. செய்தி கேட்கவேண்டும், பாட்டுக் கேட்கவேண்டும் என்றால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்ப்போம். ஹாண்டிலும் சீற்றும் நிலத்தில், சில்லு மேலே. பெடலைக் கையால் சுற்றினால் சில்லு ஓடும். சில்லில் டைனமோ உரசும். வயரை ரேடியோவில் கொடுத்தால் பாடும். கை களைத்தால் பாட்டு இழுபடும். பாடுகிறவர் அழுவதுபோல் இருக்கும். "டேய் சுத்தடா, மனுசன் சாகப்போறான்," என்று பின்னால் இருந்து கத்துவார்கள். நானும் நிறையப் பேரைக் காப்பாற்றியிருக்கிறேன்.

பவாவுக்குப் பத்து வயது இருக்கும். பள்ளிக்கூடக் கட்டடம் அடிபட்டுப் போய், வகுப்பெல்லாம் மரத்துக்குக் கீழேயும் கிடுகுக் கொட்டிலிலும் நடந்த காலம். பிள்ளைகளை வைத்து நாடகம் போடுவோம் என்று அவர்களுடைய ரீச்சர் வெளிக்கிட்டா. பகலில் விமானத்துக்குப் பயந்து ஒருவரும் கூடமாட்டார்கள். பொழுதுபட்டுத்தான் செய்யவேண்டும். வெளிச்சம்? நாங்கள் பெடியள் நாலைந்து பேர் சைக்கிளைக் கொண்டுபோய்க் கொட்டிலுக்கு முன்னால் கவிழ்த்தோம். ஒவ்வொரு சைக்கிளின் லைற்றையும் மேடைப்பக்கம் திருப்பினோம். எல்லோரும் சேர்ந்து சுற்றினால் மேடையில் மஞ்சள் வெளிச்சம். ஒருவன் மூக்கைச் சொறிந்தால் ஒரு மூலை இருட்டு. பவா மழையாக வந்தாள். தலையை அவிழ்த்துவிட்டு, ஒரு தகரத் தட்டில் கூழாங்கல் போட்டு உருட்டிக்கொண்டு வந்தாள். ஒரு கையைத் தூக்கி, "நான் வாறன்," என்றாள். அப்போது கெலி வந்தது.

கெலி என்றால் ஹெலிகொப்டர். அது வந்தால் ஒருவரும் சொல்லத் தேவையில்லை. வெளிச்சம் தெரிகிற இடத்துக்குத்தான் அடி விழும். எங்களுடைய கைகள் எல்லாம் ஒன்றாக நின்றன. ஓடுகிற சில்லை உள்ளங்கையால் பிடித்து நிறுத்தினோம். ரயர் தோலை எரித்தது. இருட்டு. சனம் மூச்சுக் காட்டவில்லை. ஒரு குழந்தை அழ வெளிக்கிட்டது, தாய் பால் கொடுத்தாள். கெலி மேலே ஒருமுறை சுற்றியது. பிறகு போனது. போன பிறகும் கொஞ்ச நேரம் இருக்கவேண்டும். அது திரும்பி வரும் வழக்கம் உண்டு. இருந்தோம். பிறகு சுற்றினோம். வெளிச்சம் வந்தபோது பவா விட்ட இடத்திலேயே நின்றாள். தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. "கதவைத் திறவுங்கோ," என்றாள். சனம் கை தட்டியது. மெதுவாகத்தான் தட்டியது. சத்தம் போடப் பயம்.

அந்தச் சைக்கிள் வெளிச்சத்தைத்தான் பவா இங்கே கொண்டுவந்தாள். ஆனால் கதை அது இல்லை, கெலியும் இல்லை. அவர்களுடைய நிகழ்ச்சியில் ஒரு பெரிய வெள்ளைக் கடதாசி மேலே இருந்து தொங்கும். பவா அதற்கு முன்னால் ஆடுவாள். சைக்கிள் லைற்றில் அவளுடைய நிழல் கடதாசியில் விழும். ரேச்சல் என்ற பிள்ளை கரித்துண்டால் அந்த நிழலின் ஓரத்தைக் கீறிக்கொண்டே போவாள். நிழல் அசைய அசையக் கீறவேண்டும். கெவின் என்ற பெடியன் சத்தம் போடுவான். சத்தமெல்லாம் ரொறன்ரோவில் ரேப்பில் பிடித்தது. சப்வே ரயில், குளிர்சாதனப் பெட்டி, பனி வழிக்கிற வண்டி. ஆட்டம், படம், ஒலி மூன்றும் ஒன்றாக. டைனமோ வைத்த பழைய சைக்கிள் ஒன்றைப் பவா எங்கோ தேடி எடுத்திருந்தாள்.

ஒத்திகைக்குப் போன முதல்நாள் நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்க் கவிழ்த்தேன். கீழே குந்தி இருந்தேன். ரேச்சல் பயந்துபோய், "உடைந்துவிட்டதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கூட்டித் துடைக்கிற மனிதர் வந்தார். நின்று பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டி, தெருவைத் தாண்டினால் சைக்கிள் திருத்துகிற கடை இருக்கிறது, நல்ல ஆள், மலிவு என்றார். நான் "யெஸ், தாங்யூ" என்றேன். அடுத்தநாளும் வந்தார். நான் அப்படியே குந்தியிருந்து சுற்றிக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார். மூன்றாம் முறை எனக்கு ஒரு கோப்பி வாங்கிவந்தார். அந்தச் சைக்கிளை இனித் திருத்தமுடியாது என்று நினைத்திருப்பார்.

சோதனை நாள் வந்தது. கறுப்புச் சுவர் வைத்த பெரிய மண்டபம். யன்னல் இல்லை. முன்வரிசையில் மூன்று ஆசிரியர்கள். நடுவில் அந்த நரைத்த முடி அம்மா. என்னைக் கண்டதும் தலையசைத்தார். தொடங்க முன்னர் கெவின் ஓடிவந்து எனக்கு ஏதோ சொன்னான். நேற்றுப் புதிதாக ஒன்று சேர்த்தானாம். கையைச் சுற்றிக் காட்டினான். என்னைச் சுற்றச் சொல்கிறான் என்று நினைத்து நானும் கையைச் சுற்றிக் காட்டினேன். கட்டைவிரலைத் தூக்கிவிட்டுப் போனான். லைற்றெல்லாம் அணைந்தன. நான் பெடலைச் சுற்றினேன். மஞ்சள் வெளிச்சம் கடதாசியில் வட்டமாக விழுந்தது. பவா உள்ளே வந்தாள். நிழல் அவளைவிடப் பெரிது. ரேச்சலுடைய கரித்துண்டு கடதாசியில் உரஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ரயில் வந்து போனது. பனி வழிக்கிற வண்டி போனது. எல்லாம் ஒத்திகையில் நடந்தபடிதான். பவா கையைத் தூக்கினாள்.

முதலில் அது பாதத்தில் தெரிந்தது. பிறகு நெஞ்சில். காதுக்குக் கடைசியாகத்தான் வந்தது. ஒரு தாளத்தில், அடித்து அடித்து, தூரத்தில் இருந்து மேலே வருகிற சத்தம். நான் எதுவும் நினைக்கவில்லை. கை நின்றது. மற்றக் கையால் சில்லைப் பிடித்தேன். மண்டபம் இருண்டது.

அந்த இருட்டில் நான் குந்தியிருந்தேன். சத்தம் மேலே வந்துவிட்டது. சுற்றுகிறது. போகட்டும் என்று இருந்தேன். அது போகவில்லை. ஒரே இடத்தில் நின்று அடித்தது. எங்கே இருக்கிறேன் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. கையில் ரயர் சூடு. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். கரித்துண்டுச் சத்தம் இல்லை. அப்போது இருட்டுக்குள்ளிருந்து பவாவின் குரல். மெல்லமாக, ஆனால் திடமாக.

"அண்ணா. கெலி இல்லை. அது கெவினிட வாசிங் மெசின்."

நான் சுற்றினேன். லைற் வந்தது. அவள் விட்ட இடத்திலேயே நின்றாள். கை தூக்கியபடியே இருந்தது. கொஞ்சமும் இறங்கவில்லை. அங்கேயிருந்து தொடங்கினாள். ஆனால் ரேச்சலுக்குக் கை தடுமாறிவிட்டது. எங்கே விட்டாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கடதாசியில் தோள் இருக்கவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. முடியும்வரை நான் தலையைத் தூக்கவில்லை. மூன்று பிள்ளைகளுடைய சோதனையை என் கை கெடுத்துவிட்டது என்றுதான் இருந்தேன்.

மண்டப லைற் போட்டார்கள். கண்ணாடி போட்ட ஆசிரியர் கேட்டார். நடுவில் வந்த இருட்டு நீங்கள் யோசித்து வைத்ததா? கெவின் பவாவைப் பார்த்தான். ஆம் என்று சொல்லு என்று அவனுடைய வாய் சத்தமில்லாமல் அசைந்தது. ரேச்சல் கரி பிடித்த கையால் முகத்தைத் துடைத்து மீசை வைத்துக்கொண்டாள். ஆம் என்று சொன்னால் முடிந்தது. அவர்கள் நம்பியும் இருப்பார்கள்.

"இல்லை," என்றாள் பவா. "என்னுடைய அண்ணா நிறுத்தினார். நாங்கள் இருந்த இடத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் வெளிச்சத்தை நிறுத்துவார்கள். அவருக்கு இந்தச் சத்தம் வரும் என்று நாங்கள் சொல்லவில்லை. பிழை எங்களுடையது."

இங்கிலிஷில்தான் சொன்னாள். இவ்வளவும் எனக்கு விளங்கியது.

ஆசிரியர்கள் மூன்று பேரும் தலையைச் சேர்த்துக் கதைத்தார்கள். பிறகு நரைத்த முடி அம்மா சொன்னார். தடங்கல் வந்தால் ஒருமுறை திரும்பச் செய்யலாம். ஆனால் இரண்டாவது முறைதான் கணக்கு. முதலாவதை மறந்துவிடுவார்கள். அதிலும் பிழைத்தால் வேறு வழி இல்லை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "ஆர் யூ ஓகே?" என்றார். நான் "யெஸ்" என்றேன். அவர் நம்பவில்லை. கெவின் பக்கத்தில் வந்து குந்தினான். முகம் வெள்ளைத் துணிபோல் இருந்தது. சொறி, சொறி என்று மன்னிப்புக் கேட்டான். அது அவர்கள் வீட்டு வாசிங் மெசின்தான், சப்பாத்தைப் போட்டுச் சுற்றவிட்டுப் பிடித்தது, நான் எடுத்துவிடுகிறேன் என்றான். இந்தமுறை கையைச் சுற்றிக் காட்டியபோது எனக்கு விளங்கியது.

பவாவும் வந்து குந்தினாள்.

"எடுக்கட்டும் அண்ணா. அது இல்லாமலும் நான் சமாளிப்பன்."

அவளுடைய சமாளிப்பன் எனக்குத் தெரியும். கொழும்புக்குப் போக ஆமி பாஸ் தரும்வரை வவுனியாவில் நின்ற காலத்திலும் அதைத்தான் ரெலிபோனில் சொன்னவள். ஒத்திகையில் அந்தக் கைக்குச் சத்தம் இல்லை, நேற்றுத்தான் வந்தது. சத்தத்தை எடுத்தால் அவள் பழையபடி சும்மா கையைத் தூக்கிக்கொண்டு நிற்கவேண்டும். பஸ் மறிக்கிற மாதிரி.

கெவினிடம் சொன்னேன். "நோ. புட்."

"மெல்லமாகப் போடவா?"

"சேம்."

ரேச்சல் புதுக் கடதாசி தொங்கவிட்டாள். திரும்ப இருட்டு. சுற்றினேன். பவா வந்தாள். ரயில் போனது. வண்டி போனது. அவள் கையைத் தூக்கினாள். பாதத்தில் தெரிந்தது. நெஞ்சுக்கு வந்தது. வாசிங் மெசின், வாசிங் மெசின் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். உடம்பு கேட்கவில்லை. கை இறுகியது. லைற் ஒருமுறை மங்கியது. பவா திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய நிழல் மங்கியது, அவள் அசையவில்லை. நான் சுற்றினேன். சத்தம் தலைக்கு மேலே வந்து நின்றது. லைற் எரிந்தது. நெற்றி வியர்வை கண்ணுக்குள் போனது. துடைக்கக் கை இல்லை. சத்தம் இன்னும் பெரிதானது. லைற் எரிந்துகொண்டே இருந்தது. இப்படி ஒரு சத்தத்துக்குக் கீழே வெளிச்சத்தை எரியவிட்டுக்கொண்டு என் வாழ்க்கையில் நான் இருந்ததில்லை. மேலே இருந்து பார்க்கிறவனுக்கு நல்லாகத் தெரியும். தெரியட்டும். சுற்றினேன். ரேச்சலுடைய கரி ஓடியது. தோள், முழங்கை, விரல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கடதாசியில் வந்தன. பிறகு சத்தம் தூரப் போனது.

ஒன்றும் நடக்கவில்லை.

முடிந்து லைற் போட்ட பிறகும் சுற்றிக்கொண்டிருந்தேன். பவா வந்து கையைப் பிடித்தாள். "காணும் அண்ணா, போதும், விடுங்கோ," என்றாள். கெவின்தான் தூக்கிவிட்டான். மண்டப வாசலில் கோப்பி வாங்கித் தந்த மனிதர் கூட்டுகிற தும்புத்தடியோடு நின்றார். கதவிடுக்கால் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். கவிழ்ந்து கிடந்த சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கட்டைவிரலைத் தூக்கினார். பஸ்ஸில் வரும்போது பவா கேட்டாள்.

"ஏன் அண்ணா சத்தத்தை எடுக்கச் சொல்லேல்லை?"

"நல்ல வாசிங் மெசின். பாவம்."

அவள் என் தோளில் தலையைச் சாய்த்து இறங்கும் இடம்வரை நித்திரையானாள். அந்தக் கிழமை அவள் முதன்முதலாக நித்திரை கொண்டது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

சில நாள் கழித்துத் தொழிற்சாலைக்கு ரெலிபோன் வந்தது. வேலைநேரத்தில் எங்களுக்கு ரெலிபோன் வந்தால் நல்ல செய்தியாக இருக்காது. மேற்பார்வையாளர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னைக் கூட்டிப்போனார். "அண்ணா, பாஸ். மூண்டு பேரும் பாஸ்," என்றாள். நான் "சரி" என்றேன். அடுக்கி வைத்த கதவுகளுக்கு மேலே போய் இருந்தேன். மேற்பார்வையாளர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். முதுகைத் தடவினார். வீட்டுக்குப் போ என்றார். நான் சிரிக்கிறேன் என்பது அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளக்கத் தெரியவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த கதவை எடுத்தேன். அன்று செய்த கதவுகள் எல்லாம் லேசாக இருந்தன.

அம்மாவுக்குப் பவாதான் சொன்னாள். "பாஸாயிட்டியா? அப்பச் சரி. மூணாம் வருசத்துலயும் தரையிலதான் படுக்கணுமா?" என்றார். பிறகு குசினிக்குள் போய்ப் பாயாசத்துக்குச் சவ்வரிசி ஊறவைத்தார். சவ்வரிசியை முதல்நாளே வாங்கி வைத்திருந்தார். ரேச்சல் முதல் கடதாசியை எனக்கென்று சுருட்டித் தந்துவிட்டாள். கணக்கில் வராத கடதாசி. பவா அதைத் தன்னுடைய அறைச் சுவரில் ஒட்டினாள். அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "தோளைக் காணோமே," என்றார்.

எங்களுடைய கட்டடம் பெரிய ஹைவேக்குப் பக்கத்தில். பின்னேரங்களில் தெரு நெரிசலைப் பார்த்து ரேடியோவில் சொல்ல ஒரு ஹெலிகொப்டர் வரும். வந்த நாளிலிருந்து அது வரும்போதெல்லாம் அம்மா குசினி லைற்றை அணைப்பார். போன பிறகு போடுவார். நானும் பவாவும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. நாங்களும் இருக்கிற அறையில் அணைத்துவிட்டு இருப்போம். அடுத்தநாள், பாயாசம் குடித்த அன்றும் வந்தது. நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். குசினி இருண்டது. பவாவின் அறையில் லைற் எரிந்தது. அவள் கையைத் தூக்கி ஏதோ பழகிக்கொண்டிருந்தாள்.

"புள்ள, லைட்ட அமத்து," என்றார் அம்மா இருட்டுக்குள்ளிருந்து.

"அது ரோட்டைப் பாக்க வந்தது அம்மா."

"எல்லாம் பாக்கத்தான் வருது."

பவா அணைக்கவில்லை. அம்மா போடவில்லை. நான் நடுவில், வீட்டு நடையில் நின்றேன். இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம். ஒரு காலில் சப்பாத்து இருந்தது. மற்றக் கால் வெறுங்கால். சத்தம் மேலே வந்தது, ஹைவேப் பக்கம் போனது. போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மற்றச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.